பதினேழாவது பெயர்

போன சனிக்கிழமை காலை என் மகள் யாழினியின் பள்ளித் தன்னார்வக் கழகத்தோடு கடற்கரையைச் சுத்தம் செய்யப் போனேன். பெற்றோர் ஒருவர் துணைக்கு வர வேண்டுமாம். மற்றவர்கள் எல்லாம் வேலை, கல்யாணம், தலைவலி என்று நழுவிவிட, மாட்டியது நான். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு வேறு என்ன வேலை என்று நினைத்திருப்பார்கள்...

எனக்குக் கொடுத்த பொறுப்பு ரொம்பச் சுலபம். பிள்ளைகளை எண்ண வேண்டும். கடைசியில் வருகைத் தாளில், ‘மேற்கண்ட அனைவரும் கலந்துகொண்டனர்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

கழகப் பொறுப்பாசிரியை மாலதி டீச்சர் தன் காரில் முன்னே போய்விட்டார். பள்ளி வாசலில் பிள்ளைகள் பஸ் ஏறியதும் படியருகே நின்று எண்ணினேன். இருபத்திரண்டு. டிரைவர் கண்ணாடியைப் பார்த்தபடி தானும் எண்ணினார்.

“இருபத்தி மூணு. ஓகே லா, போலாமா?”

“இருபத்திரண்டுதாண்ணே.”

“நல்லா பாருங்கக்கா. மூணு.”

என்னையும் சேர்த்து எண்ணியிருப்பார். விட்டுவிட்டேன்.

தஞ்சோங் பூங்கா கடற்கரையில் நல்ல வெயில். டீச்சர் பட்டியலைப் பார்த்து இருபத்து மூன்று ஜோடிக் கையுறைகளை ஒரு பெட்டியில் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கொரு ஜோடி மாட்டிக்கொண்டு பிள்ளைகள் கலைந்து போனார்கள். போத்தல், உறிஞ்சு குழாய், ஒற்றைச் செருப்பு... கடலுக்குள் இத்தனை பேர் ஒற்றைக் காலோடு நடக்கிறார்களா என்ன?

பதினோரு மணிக்குப் பிள்ளைகள் கையுறைகளைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கையெழுத்திட்டதும், டீச்சர் வருகைத் தாளை நீட்டினார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்த என் பேனா பதினேழாவது பெயரில் நின்றது.

தர்ஷினி.

யாழினிக்கு ஒன்றாம் படிவ வகுப்பிலிருந்து பக்கத்து இருக்கை. ஐந்து மாதத்துக்கு முன்னால் டெங்கிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிள்ளை. இறுதிச் சடங்குக்கு நானும் போயிருந்தேன். அவள் பெயருக்கு எதிரே, நீல மையில், கையெழுத்து இருந்தது.

பழைய தாள்களைப் புரட்டினேன். ஒரு வாரம்கூட விடாமல் இருந்தது.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். நம் பள்ளிகளில் ‘தோலோங் சைன்’ என்று ஒரு வழக்கம் உண்டு. வராத சிநேகிதிக்காக இன்னொருத்தி கையெழுத்துப் போட்டு, கழக வருகைக்குக் கிடைக்கும் புறப்பாட மதிப்பெண்ணைக் காப்பாற்றிவிடுவாள். அது பொய், பித்தலாட்டம் என்று இதே பத்திரிகைப் பத்தியில் நான் திட்டி எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். செத்துப்போன பிள்ளைக்குக்கூடவா?

“என்ன டீச்சர் இது?”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். “பேர வெட்ட மனசு வரலைங்க. காரியத்தன்னிக்கு அவங்கம்மா என் கையப் புடிச்சிக்கிட்டு, ‘எம்பிள்ள ஒரு நாள்கூட வராம இருந்ததில்ல, அந்த முழு வருகைச் சான்றிதழ மட்டும் எனக்குக் குடுத்துருங்க டீச்சர்’னு கேட்டாங்க. கூட்டாளிங்க கையெழுத்து போடுறாங்கன்னு தெரியும். நான் கண்டுக்கல.”

ஆக, அந்தச் சான்றிதழ் இப்போது என் பேனா முனையில். நான் உண்மையைப் போட்டால் வருகையில் ஓட்டை விழும். அந்தத் தாய்க்கு ஒன்றும் கிடைக்காது.

தர்ஷினியின் கூட்டாளிகள் மூன்றே பேர். யாழினி, ஷோபனா, நூர். கூப்பிட்டு நிற்க வைத்தேன்.

“யாரு போடுறது?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“போடணும்னு பேசி வச்சோம்மா,” என்றாள் யாழினி. “மொத வாரம் நான் போனப்பவே போட்டிருந்திச்சி. ஷோபனா முந்திக்கிட்டான்னு நெனச்சேன்.”

“நானா? நூருதான் போடுறான்னு நெனச்சேன்,” என்றாள் ஷோபனா.

நூர் ஷோபனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் ஒவ்வொரு வாட்டியும் பாப்பேன், ஆன்ட்டி. எனக்கு முன்னாடியே இருக்கும்,” என்றாள்.

நடிக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும், ஒன்றை வீட்டிலேயே வளர்க்கிறேன். இது நடிப்பில்லை.

சும்மா சொல்லக்கூடாது, பயந்துவிட்டேன். ஆனாலும் எண்ணிப் பார்க்கிற புத்தி விடுமா? கையுறைப் பெட்டியிடம் போனேன். பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் என்றால், ஒரு ஜோடி மடிப்புக் கலையாமல், காய்ந்து கிடக்க வேண்டும். அதைக் காட்டி, “இதோ பாருங்கள், அவள் வரவில்லை” என்று சொல்லிவிடலாம். எனக்கே சொல்லிக்கொள்ளலாம்.

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். இருபத்து மூன்று ஜோடி. அத்தனையும் ஈரம். அத்தனையிலும் மணல்.

யாராவது நனைந்ததைப் போட்டுவிட்டு வேறு மாற்றியிருக்கலாம். அலை வந்து பெட்டிக்குள் அடித்திருக்கலாம். காரணமா கிடைக்காது? டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்று பெட்டியைப் பார்த்தார்.

தாளை வாங்கி, பெட்டி மேலேயே வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ‘மேற்கண்ட அனைவரும்.’ என் கையெழுத்து இவ்வளவு கோணலாக ஒருநாளும் வந்ததில்லை.

திரும்பும்போது முன் இருக்கையில், டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்து எண்ணத் தொடங்கினார்.

“அண்ணே, என்னைச் சேக்காம எண்ணுங்க.”

“காலையிலயும் உங்கள சேக்கலியேக்கா. நீங்க கீழதான நின்னீங்க.” மறுபடி எண்ணினார். “இருபத்தி மூணு. சரியா இருக்கு.”

பக்கத்து இருக்கையில் வைத்திருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வராதவளுக்குக் கையெழுத்துப் போடுவது தப்பு என்று எழுதினேன் அல்லவா? அதில் மாற்றமில்லை. வந்தவளுக்கு எப்படி ஆப்சென்ட் போடுவது?