ஆட்சேபணையார் போட்ட கோடு

எங்கள் நகர மன்றத்தில் தீர்மானத்தைப் படித்து முடித்ததும் தலைவர் "ஆட்சேபணை?" என்று கேட்பார். கேட்கும்போதே அவர் கண் கடைசி வரிசைக்குப் போய்விடும். அங்கே உறுப்பினரான என் சகலை ஏற்கெனவே எழுந்து நின்றிருப்பார். தெருவிளக்கு போட்டாலும் ஆட்சேபணை, போடாவிட்டாலும் ஆட்சேபணை. மன்றத்தின் தட்டச்சரான நான், "ஓர் ஆட்சேபணையுடன் நிறைவேறியது" என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். ஊர் அவருடைய சொந்தப் பெயரை மறந்து ஆட்சேபணையார் என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டது. மனிதருக்கு அதில் பெருமை வேறு.

தொழில் கண்ணாடி வெட்டுவது. கண்ணாடியை மேசையில் படுக்க வைத்து, மர ஸ்கேலை அணைத்து, வைர முனையால் ஒரே இழுப்பு இழுப்பார். அதே கோட்டில் இரண்டாவது தடவை இழுத்தால் கண்ணாடி கண்டபடி உடைந்துவிடுமாம். ஊரில் பாதி ஜன்னல்கள் அவர் கைபட்டவை. அவர் வீட்டுச் சமையலறைக்கு மட்டும் ஜன்னல் கிடையாது. சமையலறை என்பதே மரியாதைக்குச் சொல்வது. கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதிலிருந்து பின்வாசலுக்குப் போகும் நடையில் அடுப்பு. அவர் அங்கே சாப்பிட உட்கார்ந்தால் அலமாரியைத் திறக்க முடியாது. திறந்தே ஆகவேண்டும் என்றால் அவர் தட்டோடு எழுந்து நிற்க வேண்டும்.

அவர் மனைவி என் மனைவிக்கு அக்கா. நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். மன்றத்தில் வாயைத் திறந்தால் மூடாதவர், அக்காவிடம் ஒரே வார்த்தைதான் பேசுவார்: "சரி." மாடியில் ஒரு சமையலறை கட்டலாம், தெருவைப் பார்க்க ஒரு ஜன்னல் வைக்கலாம் என்று அக்கா சொன்ன அன்றும் "சரி"தான். அதற்கப்புறம் பல வருடம் சரி, சரி என்றே ஓடியது. ஒருவழியாக மாடிக்குப் பிளான் போட்டு அனுமதிக்கு மனுவும் கொடுத்தாயிற்று. அனுமதி வருவதற்குள் அந்த ஜன்னலுக்குக் கண்ணாடியை வெட்டி, ஓரம் தேய்த்து, துணி சுற்றிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்து தன் வீட்டுக்காக அவர் வெட்டிய முதல் கண்ணாடி அது.

அந்த நேரம் பார்த்துத்தான் மண்டல அலுவலகத்திலிருந்து முப்பது ஆண்டு வளர்ச்சித் திட்டம் வந்து இறங்கியது. தலையணை கனத்துக்கு ஒரு புத்தகமும் சுவரை அடைக்கும் ஒரு வரைபடமும். ஊர் மூன்று மடங்கு பெருகப் போகிறது, அதற்கு ஒரு பெரிய சாலை வேண்டும், அது காய்கறிச் சந்தையை இடித்துக்கொண்டு போகும். மன்றம் தன் கருத்தை எழுதி அனுப்ப வேண்டும். உறுப்பினர்களில் ஒருவர்கூடப் புத்தகத்தைப் புரட்டவில்லை. முப்பது வருடம் கழித்து யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

"ஆட்சேபணை?" என்றார் தலைவர்.

"சந்தைய இடிச்சா ஜனங்க எங்க போவாங்க?" என்று ஆரம்பித்தார் சகலை.

தலைவர் அன்று தயாராக வந்திருந்தார். "இந்தத் தடவ வெறும் ஆட்சேபணை செல்லாதுங்க. மாற்று யோசனையும் சொல்லணும்னு மேலருந்து எழுதியிருக்காங்க. இருக்கா உங்ககிட்ட?"

மன்றமே சிரித்தது. மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று வரைபடத்திடம் போனார். கடையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த மர ஸ்கேலை அதன் மேல் வைத்தார். என் பேனாவைப் பிடுங்கி ஒரே இழுப்பு. சந்தையைத் தொடாமல் ஊருக்குக் குறுக்கே நேராக ஒரு கோடு விழுந்தது.

"இப்படிப் போகட்டும்!"

அந்த வரைபடத்தில் ஒரு தெருவே நூல் கனம்தான். வீடெல்லாம் எங்கே தெரியப் போகிறது? தலைவர் கைதட்டினார், நானும் தட்டினேன்.

எங்கள் மன்றம் எத்தனையோ கருத்துகளை அனுப்பியிருக்கிறது. மேலிடம் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. இதற்குப் போட்டது. ஆட்சேபணை ஏற்கப்பட்டது, மாற்றுப் பாதை திட்டத்தில் சேர்க்கப்பட்டது, மக்கள் பங்கேற்புக்கு இது முன்மாதிரி என்று ஒரு பாராட்டும் இருந்தது. கூடவே வீடுகள் தெரிகிற அளவில் புது வரைபடம் ஒன்று. அதில் சாலை என் சகலையின் கடைக்குள் நுழைந்து, அடுப்பைத் தாண்டிப் பின்வாசல் வழியாக வெளியே போயிருந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை ஸ்கேல் வைத்துச் செய்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

மாடிக்கான மனு திரும்பி வந்தது. சாலை வரும் இடத்தில் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. சாலை எப்போது வரும்? முப்பது ஆண்டுகளுக்குள்.

அக்கா சத்தம் போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "ரோட்ட ஊருக்கு வெளியில கொண்டுபோகச் சொல்லுங்க. சந்தைக்கும் வேணாம், நமக்கும் வேணாம். இந்த ஒரு தடவ மட்டும் எல்லாரோடயும் சேந்து கைய தூக்குங்க."

"சரி" என்றார்.

வம்பு பேசுவார்களே தவிர, உறுப்பினர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு வீடு போகிறதென்றதும் கட்சி பார்க்காமல் ஒன்றுகூடித் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தலைவர் "ஆட்சேபணை?" என்றதும் பழக்க தோஷத்தில் எல்லாத் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. ஆட்சேபணையார் இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இல்லீங்க."

"ஒருமனதாக நிறைவேறியது" என்று அடித்தேன். பழகாத வார்த்தை, எழுத்தைத் தேடித் தேடி அடிக்க வேண்டியிருந்தது.

மேலிடம் இதற்கும் பதில் போட்டது. மாற்றுக் கருத்து ஒன்றுகூடப் பதிவாகாத தீர்மானத்தை, உரிய விவாதம் நடத்தி எடுத்த முடிவாகக் கருத இயலாது. எனவே விவாதித்து ஏற்ற முந்தைய பாதையே தொடரும்.

அலுவலகத்தில் படித்தபோது எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அந்த நடையில் நின்று அக்காவுக்குப் படித்துக் காட்டியபோது அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சகலை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இத்தன வருஷமா வேணாம் வேணாம்னு கத்துனீங்க, ஒருத்தரும் காதுல போட்டுக்கல" என்றாள் அக்கா. "இப்ப வேணும்னீங்க, அதுவும் போச்சு. உங்க பேச்ச அவங்க கேட்டது ஒரே ஒரு தடவ. அது நம்ம வீட்டு மேல கோடு போட்ட அன்னிக்கு."

பிறகு அலமாரியைத் திறக்க வந்தாள். அவர் தட்டோடு எழுந்து நின்றார். அக்காவின் பார்வை கதவுக்குப் பின்னால் போயிற்று.

"அந்தக் கண்ணாடிய யாருக்காவது குடுத்துடுங்க. சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு."

வழக்கமான "சரி"க்காக நான் காத்திருந்தேன்.

"ஆட்சேபணை" என்றார் சகலை.

அந்த வீட்டில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அக்காவும் கேட்டதில்லை போலிருக்கிறது. அலமாரிக் கதவைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள்.

"மாற்று யோசனை இருக்கா?"

அவரிடம் இல்லை. தட்டோடு அப்படியே நின்றார். கண் கலங்கிவிட்டது. அக்கா எடுக்க வந்ததை எடுக்காமலே அலமாரியை மூடி, அவர் உட்கார இடம் விட்டாள். கண்ணாடி இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அக்காதான் அவ்வப்போது துணியைப் பிரித்து, துடைத்து, மறுபடி சுற்றி வைக்கிறாள்.