ஃபோர்க் குழாயில் நான் போட்ட கீறல்

எனக்குக் கோபம் வந்தால் யோசிக்கத் தெரியாது. என் பழைய மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில், ஒயில் கசியாமல் தடுக்கும் சீலை மாற்றி ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் ஒயில் வடிந்து பிரேக்கில் இறங்கிவிட்டது. அன்று காலையில் மீன் பெட்டியோடு, சல்லிக்கல் கிடந்த முடக்கில் திரும்பும்போது விழப் பார்த்தேன். சீல் மாற்றிய கராஜுக்கு நேரே போனேன்.

“நானா, டுப்ளிக்கேட் சீல் போட்டு ஆளைக் கொல்லப் பாக்கிறீங்களா?” என்று, எல்லோரும் நானா என்று அழைக்கும் மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தினேன். பைக்கைத் திருத்தக் கொண்டுவந்திருந்த இரண்டு பேர் அதைக் கேட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். கராஜில் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள்.

மெக்கானிக் ஃபோர்க் குழாயை நகத்தால் வருடினார். பிறகு என்னைப் பார்த்தார். “சரி தம்பி, என்ட பிழைதான். பைக்கை விட்டுட்டுப் போங்க.”

பின்னேரம் நான் திரும்பிப் போனபோது அவர் தனியாக இருந்தார். என் விரலைப் பிடித்துக் குழாயில் வைத்தார். நகம் கீறல்களில் சிக்கியது.

“நான் பைக்கைத் தரேக்க இந்தக் கீறல் இல்லையே. சாண்ட் பேப்பர் போட்டனீங்களோ?”

“ஓம் நானா. உப்புத் துரு போகத் தேச்சனான்.”

“அந்தக் கீறல்தான் சீலை வெட்டினது.”

“காலமையே சொல்லியிருக்கலாமே?”

“அவ்வளவு பேருக்கு முன்னாலயா? உங்களத் தலைகுனிய வைக்க எனக்கு ஏலாமப் போச்சு.”

காலையில் திரும்பிப் போன அந்த இரண்டு பேரையும் தேடிப் போய், பிழை என்னுடையது என்றேன். ஒருவர் சிரித்துவிட்டு மறுநாளே கராஜுக்கு வந்தார். மற்றவர் நம்பவில்லை. இன்றும் வேறு கராஜுக்குத்தான் போகிறார். அவருடைய பைக்கைக் காணும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.