மெட்டுக்குள் ஒரு ‘ச்சே!’

நேற்று சாயந்தரம் மகளின் அறையிலிருந்து “ச்சே!” என்று ஒரு சத்தம். கீபோர்டு பழகுகிறாளாம். காதில் ஹெட்போன், அதனால் நமக்குக் கேட்பது கட்டை தட்டும் டொக்டொக்கும், தப்பு வரும்போது அந்தச் ‘ச்சே’யும்தான். பதுளை டவுனில் மாடி வீடு. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாதென்று ஹெட்போன் வாங்கிக் கொடுத்த புண்ணியவதி நானேதான்.

அந்தச் ‘ச்சே’ என் சொத்து. சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு காலத்தில் ஒரு லயத்துச் சனமே அதைப் பாடியது.

அப்புத்தளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். இன்றைக்கு என் வாய் மூடுவதில்லை என்று வீட்டில் புகார். அன்றைக்கு அதே வாய் திறக்காது. டீச்சர் பேர் கூப்பிட்டால் நான் சொல்லும் “இருக்கேன் டீச்சர்” என் சட்டைக் காலருக்கு மட்டும் கேட்கும். முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே எத்தனையோ நாள் ‘வரவில்லை’ ஆகியிருக்கிறேன். கடைசியில் டீச்சர், பள்ளிக்கூடத்தின் ஒரே மெலோடிக்காவை என் கையில் திணித்தார்.

“நீ பேச வேணாம். ஊது. தெனமும் ஊது. பதுளைப் போட்டிக்கு நீதான் போற.”

மெலோடிக்கா தெரியும்தானே? குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டே கட்டையை அழுத்த வேண்டும். எனக்கு முன்னால் ஊதிய பிள்ளைகள் அத்தனை பேரும் தின்ற மிட்டாய் வாசம் அந்தக் குழாய்க்குள் இருந்தது. பசி நேரத்தில் அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லயத்துக் காம்பராக்களின் நடுச்சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் ரொட்டி சுட்டால் எல்லா வீட்டுக்கும் பசிக்கும். நான் ஊதினால் எல்லா வீட்டுக்கும் தலை வலிக்கும். சின்ன மெட்டுதான், ஆனால் இரண்டாவது வரியில் ஓரிடத்தில் விரல் வழுக்கும். “ச்சே!” என்று கத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். பெண்கள் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து கால் கழுவும் நேரம் பார்த்துத் தினமும் இதே கூத்து.

“அடியே புள்ள, அந்த ஆட்டுக்குட்டியக் கொல்லாம விட்டுடுடி!” என்று சுவருக்கு மேலாக வரும், அடுத்த காம்பரா செல்லம்மா அக்காவின் குரல்.

கொஞ்ச நாளில் திட்டு நின்றது. அதைவிட மோசமான காரியம் நடந்திருந்தது: லயத்துக்கே மெட்டு பாடமாகிவிட்டது. மலையில் கொழுந்து கிள்ளும்போது முனகுவார்கள், இரண்டாவது வரியில் எல்லாரும் சேர்ந்து “ச்சே!” போடுவார்கள், முதலிலிருந்து தொடங்குவார்கள். அதுவும் மெட்டில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

போட்டிக்குத் தோட்டத்து லொறியில், தலை நிறையப் பூவோடு லயமே வந்து இறங்கியது. மேடையில் ஏறினேன். ஊதினேன். இரண்டாவது வரி வந்தது. விரல் வழுக்கவில்லை! முதல் தடவையாகச் சரியாக வந்துவிட்டது.

அதே நொடியில் மண்டபத்தின் பின்வரிசை மொத்தமும் சேர்ந்து, “ச்சே!”

நடுவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்லம்மா அக்கா எழுந்தே நின்றுவிட்டார். “நிக்காமப் போறியே புள்ள! மறந்துட்டியா? மொதல்ல இருந்து ஊது!”

குழாயை வாயிலிருந்து எடுத்தேன். முன்னால் மைக் இருப்பது நினைவிலேயே இல்லை.

“இல்லக்கா! இன்னைக்குச் சரியாத்தான் வந்துச்சு!”

என்னிடம் அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். ஸ்டேஷனில் நின்ற ரயிலுக்கும் கேட்டிருக்கும். மண்டபம் சிரித்தது, கை தட்டியது. மிச்சத்தையும் ஊதி முடித்தேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை நான் சொன்ன “இருக்கேன் டீச்சர்!” கேட்டுப் பக்கத்து வகுப்பும் திரும்பிப் பார்த்தது.

அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். இப்போது தனித்தனி வீடு, சுவர் கூரை வரை போகிறது. நல்லதுதான். போன திருவிழாவுக்குப் போனபோது செல்லம்மா அக்கா புது வீட்டைச் சுற்றிக் காட்டினார். “எல்லாம் வசதிதான் புள்ள. ஆனா பக்கத்து வீட்டுல சண்ட போட்டா, என்ன காரணம்னே தெரிய மாட்டேங்குது.”

நேற்று மகளின் கதவைத் தட்டினேன். “ஹெட்போனக் கழட்டிட்டு வாசிடி.”

“ஐயோ அம்மா, தப்பு வந்தா பக்கத்து வீட்டுக்குக் கேக்குமே!”

“கேக்கட்டும்.”

வாசித்தாள். வழுக்கியது. “ச்சே!” என்றாள். யாராவது திட்டுவார்கள் என்று சுவரோரம் காத்து நின்றேன். பக்கத்து வீட்டு ஜன்னல் மட்டும், ரொம்ப மரியாதையாகச் சாத்திக்கொண்டது.