ஐந்து வினாடி ‘பிரசன்ட் மிஸ்’

மிமிக்ரி தொழிலுக்குக் கடையும் வேண்டாம், போர்டும் வேண்டாம். ஒரு தொண்டை, அம்மாவின் மொபைல், ஒரு கிளாஸ் வாட்ஸ்அப் குரூப் போதும். குரூப்பை மியூட்டில் போட்டும் தப்பிக்க முடியாத சக அவஸ்தைக்காரர்களே, பெங்களூரு ஈஜிபுராவிலிருந்து ஒரு ஒன்பதாம் வகுப்புக்காரியின் வாக்குமூலம் இது.

டெஸ்ட் கேன்சல்

எங்கள் கன்னட மிஸ் எதைச் சொன்னாலும் முதலில் மூக்கால் ‘ம்ம்ம்’ என்று ஒரு கிக் கொடுப்பார். வண்டி ஸ்டார்ட் ஆன பிறகுதான் வார்த்தை வரும். அதே கிக்கோடு, ‘ம்ம்ம்... நாளெ டெஸ்ட் இல்லா மக்களே’ என்று குரூப்பில் ஒரு வாய்ஸ் நோட் தட்டிவிட்டேன். மொத்த கிளாஸும் நம்பியது. ஒருத்தர்கூடப் புத்தகத்தைத் தொடவில்லை.

மறுநாள் எவனோ அதை மிஸ்ஸிடமே போட்டுக் காட்டிவிட்டான். ரசித்து இரண்டு தடவை கேட்டார். அவருக்குத் தமிழும் அத்துப்படி.

“ம்ம்ம்... அந்த மிஸ் ரொம்ப நல்லவங்க, டெஸ்ட் இல்லைன்னுட்டாங்க. இந்த மிஸ் இப்பவே வைக்கிறேன், பேப்பர் எடுங்க.”

லாரி ஹார்னும் குக்கர் விசிலும்

தினேஷ் தர்மபுரியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவன். குரல் உடைகிற வயசு. அட்டெண்டன்ஸில் ‘பிரசன்ட்’டை லாரி ஹார்னில் ஆரம்பித்து, ‘மிஸ்’ஸைக் குக்கர் விசிலில் முடிப்பான். விடுவேனா? அதே குரலில் ஐந்தே வினாடி. யார் குரல் என்றுகூடப் போடாமல் குரூப்பில் ஏற்றினேன்.

சாயங்காலத்துக்குள் அதற்கு பீட் சேர்த்துவிட்டார்கள். ஒருத்தன் ரிங்டோனே வைத்துக்கொண்டான். தினேஷ் காரிடாரில் நடந்தால் நாலு பக்கமும் ‘பிரசன்ட் மிஸ்!’ நான் தரையில் இல்லை. பக்கத்து சீட் ஷபானா வேறு ஏற்றிவிட்டாள்:

“எங்க அண்ணன் காலேஜ் குரூப்புக்கே வந்துடுச்சுடீ, நீ எங்கயோ போயிட்ட!”

உட்கார்ந்தபடியே ஆப்சென்ட்

அதற்கப்புறம் தினேஷ் அட்டெண்டன்ஸுக்கு வாயே திறக்கவில்லை. கையை மட்டும் தூக்கினான். மிஸ் ரிஜிஸ்டரை விட்டுத் தலை நிமிர மாட்டார். சத்தம் வரவில்லையா, ஆப்சென்ட். ஸ்கூல் கம்ப்யூட்டர் தானாகவே வீட்டுக்கு மெசேஜ் அனுப்பிவிடும்.

பக்கத்து பி.ஜி. ஹாஸ்டலில் சமைக்கிற அவன் அம்மா, கையில் சப்பாத்தி மாவோடு ஓடி வந்து கிளாஸ் வாசலில் நின்றார். மகன் மூன்றாவது பெஞ்சில் இருக்கிறான்! எங்கள் குரூப்பில் இருப்பதெல்லாம் அம்மாக்களின் நம்பர். என் வாய்ஸ் நோட்டை அவரும் கேட்டிருக்கிறார், மகன் என்றே நினைத்து.

“குரூப்ல மட்டும் பிரசன்ட் மிஸ்னு கத்துறியே கண்ணு, இங்க சொன்னா என்ன? புள்ளையக் காணோம்னு எனக்கு உசுரே போயிடுச்சு.”

சொந்தக் குரல்

கிளாஸே சிரித்தது. தினேஷ் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் டெலீட் அழுத்தினேன். எங்கள் குரூப்பில் மட்டும் அழிந்தது. ஃபார்வர்ட் ஆன இடங்களிலெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. சரி என்று என் குரலிலேயே பேசினேன்: “அது தினேஷ் இல்ல, நான்தான். ஆன்ட்டி, ஸாரி. தினேஷ், ஸாரி. வச்சிருக்கவங்க அழிச்சிடுங்க, அனுப்பினவங்க அங்கயும் சொல்லிடுங்க.”

அது என் சொந்தக் குரல் என்று ஒருத்தரும் நம்பவில்லை. ‘செம! இது யாரு வாய்ஸ்?’ என்று கேட்டார்கள். சத்தியம் பண்ணினேன். ‘அழுவுற மாதிரியே இருக்கு, கலக்குற!’ என்று அதற்கும் கைதட்டல்.

கடைசியில் தினேஷ் அம்மாவின் நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் நோட். ஹார்னில் ஆரம்பித்து விசிலில் முடிந்தது.

“அது அவ சொந்தக் குரல்தான், கேக்கவே கொடுமையா இருக்கு, அதான் இத்தன நாளா மறைச்சு வச்சிருக்கா.”

மறுநாள் அட்டெண்டன்ஸில் ‘பிரசன்ட் மிஸ்’ ஹார்னும் விசிலுமாக வந்தபோது, துடித்த என் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேனே, இந்தத் தொழிலில் நான் செய்த ஆகக் கஷ்டமான ஐட்டம் அதுதான்.