தூக்காதவர்களின் ஆம்ப்

ஆம்பைப் பற்றி அதிகம் பேசுகிறவர்கள் யாரும் அதைத் தூக்கியதில்லை. இருபது வருடம் கானமேளா மேடைகளில் சினிமாப் பாட்டுக்குக் கிதார் வாசித்ததில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

எங்கள் பாட்டுக் குழு பாலக்காட்டை அடுத்த கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தது. எனக்குத் தென்னந்தோப்பு பிழைப்பு, கிதார் வாரக் கடைசிக்கு. குழுவை நடத்துகிறவர் பாடகர். பெயிண்ட் கடை வைத்திருக்கிறார், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கீபோர்டு வாசிக்கிறவன் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். எதற்கும் ஒரு வீடியோ பார்த்து வைத்திருப்பான்.

என்னுடையது வால்வு ஆம்ப், பழைய ரேடியோபோல் கண்ணாடி வால்வு வைத்துக் கிதார் சத்தத்தைப் பெருக்குவது. மேலே வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கும் தலைப்பெட்டி, கீழே பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு வைத்த கேபினட். இரண்டும் சேர்ந்தால் ஒரு மூட்டை உரத்தைவிடக் கனம். வாங்கிய காலத்தில் எனக்கும் அதில் பெருமை இருந்தது. மேடையில் அதன் முன்னால் நின்றால் என் கூச்சம் பாதி மறையும். ஆனால் வேனில் ஏற்றுவதும் இறக்குவதும் நான் மட்டும்தான். பாடகருக்குத் தொண்டை முக்கியம், கீபோர்டுக்காரனுக்கு விரல் முக்கியம். எனக்கு எதுவும் முக்கியம் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போன வருடம் முதுகு போய்விட்டது. பாலக்காட்டில் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, ஒரு குடம் தண்ணீருக்கு மேல் தூக்கினால் அடுத்தது ஆபரேஷன்தான் என்றார். அதனால் ஒரு மாடலர் வாங்கினேன். காலடியில் வைத்து மிதிக்கிற பெட்டி, ஒரு டிபன் கேரியர் கனம்கூட இருக்காது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் ஆம்ப், கேபினட், அதன் முன்னால் வைக்கும் மைக் வரை எல்லாவற்றையும் போலச் செய்யும். ஒரு வயரை நேராக மிக்ஸரில் செருகினால் போதும்.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. மோட்டார் ரூமில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கிதாரில் ஒரு மத்தியானம் முழுக்க வாசித்துப் போனில் பதிந்து கேட்டேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை. விரலுக்கு மட்டும் ஒரு வித்தியாசம் தெரியும். ஓங்கி அடித்தால் வால்வு ஒரு நொடியில் சிறு பங்கு தயங்கிக் கொடுக்கும். அந்தத் தயக்கம் என் விரலோடு முடிந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் வரை அது போகாது.

பெயிண்ட் கடை மாடியில் ஒத்திகை. நான் மாடலரைக் கீழே வைத்ததும் கீபோர்டுக்காரன் முகத்தைச் சுளித்தான். டிஜிட்டல் எல்லாம் பிளாஸ்டிக் சத்தமாம். வால்வில்தான் சத்தத்துக்கு ஒரு சூடு இருக்கிறதாம். வயலின், புல்லாங்குழல், நாகஸ்வரம் என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பட்டன் தட்டி எடுக்கிறவன் இதைச் சொன்னான். அவனுக்கு அது உறைக்கவே இல்லை.

பாடகரின் கவலை சூடு அல்ல. "தம்பி, மேடையில பெரிய பெட்டி இருந்தாத்தான் கமிட்டிக்காரன் மதிப்பான். இல்லீன்னா பஜனைக்கு வந்தவன்னு நெனச்சுக்குவான்" என்றார். அதுவும் உண்மைதான். எங்கள் பக்கம் பரிபாடி, அதாவது கச்சேரி, பேச வருகிற கோயில் கமிட்டிக்காரர்கள் போட்டோவைப் பார்த்து மேடையில் எத்தனை பெட்டி என்றுதான் எண்ணுவார்கள்.

முதுகைப் பற்றிச் சொன்னேன். அவர் மிகவும் அன்பாகக் கேட்டுவிட்டு, "அப்ப ரெஸ்ட் எடுத்துக்கறீங்களா? பொள்ளாச்சியில ஒரு பையன் இருக்கறான், ஆம்போட வருவான்" என்றார். இருபது வருடத்துக்கு அவ்வளவுதான். ஒரு கை பிடிக்கிறேன் என்று அந்த மாடியில் ஒருவர் சொல்லவில்லை. அடுத்து இருந்த பீர்மேட்டுப் பரிபாடிக்கு ஆம்போடு வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவது என் வியாதி.

வீட்டுக்கு வந்து கேபினட்டின் பின்பலகையைத் திறந்து இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றினேன். தலைப்பெட்டியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர், வால்வு எல்லாவற்றையும் மொத்தமாக வெளியே எடுத்துவிட்டு, முகத்தகட்டை மட்டும் வெறும் மரப்பெட்டியில் திருகினேன். குமிழ்கள் சும்மா சுற்றுவதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகாணி. சிவப்பு விளக்குக்குத் தோப்பு மோட்டார் ஸ்டார்ட்டரில் இருந்த பழைய இண்டிகேட்டர் லைட். என் மனைவி பார்த்துவிட்டு, கொலுவுக்கா என்று கேட்டாள்.

பீர்மேட்டில் ஒரு எஸ்டேட் கோயில் திருவிழா. மலைக்குளிருக்காக மத்தியானமே பரிபாடி. குமுளி வரை வேன், பிறகு ஜீப். ஏற்றி இறக்கும்போது கனமாக இருப்பதுபோல் நான் முனகவேண்டியிருந்தது. யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் முனகினேன்.

மைக்செட்காரரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எஸ்டேட்டிலேயே இருப்பவர், என் வயது இருக்கும். மாடலரை மேடை மானிட்டர் ஸ்பீக்கருக்குப் பின்னால் வைத்து வயரை அவர் கையில் கொடுத்து, மெதுவாகச் சொன்னேன். அவர் கேபினட்டை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். அது நகர்ந்தது. "வெறும் பெட்டியா அண்ணாச்சி? சரி, அதுக்கும் ஒரு மைக்க வைப்போம். சும்மா நிக்கட்டும்" என்று இணைப்பில்லாத மைக் ஒன்றை அதன் முன்னால் நிறுத்திவிட்டுப் போனார்.

சவுண்ட் செக். கிதாரில் ஒரு கார்டை அடித்துவிட்டு நின்றேன். கீபோர்டுக்காரன் எழுந்து வந்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, தலைப்பெட்டியில் ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் திருகினான். மறுபடி அடிக்கச் சொன்னான். அடித்தேன். இன்னும் கொஞ்சம் திருகினான். பிறகு பாடகரைப் பார்த்து, "கேளுங்கண்ணா, இப்பத்தான் அந்தச் சூடு எறங்கியிருக்குது. அந்தக் குட்டிப் பொட்டி இதக் குடுக்குமுங்களா?" என்றான்.

பாடகர் கண்ணை மூடிக் கேட்டார். "வாய்ப்பே இல்லப்பா" என்றார்.

மைக்செட்காரர் வயரைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அருவருப்பாக இருந்தது. இந்தக் காதுகள்தான் இருபது வருடமாக என் வாசிப்பில் சத்தம் கூடுதல், ட்ரெபிள் குறைவு என்று தீர்ப்புச் சொன்னவை. இவற்றுக்குப் பயந்துதான் நான் எத்தனையோ ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

நாலாவது பாட்டிலேயே மழை பிடித்துக்கொண்டது. பந்தல் ஒரு பக்கம் ஒழுகியது. கமிட்டிக்காரர்கள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனாலோ என்னவோ, பாடகருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஆம்பைக் காப்பாற்றத் தோன்றிவிட்டது. ஓடி வந்தார். தலைப்பெட்டியோடு சேர்த்துக் கேபினட்டை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, காலை அகட்டி, மூச்சை இழுத்து முழுப் பலத்தோடு தூக்கினார். பெட்டி தாடை வரைக்கும் எழும்பியது. அவர் அதோடு பின்னால் போய் ஈர மேடையில் உட்கார்ந்தார். பின்பலகை கழன்று, உள்ளே வைத்திருந்த என் ஸ்வெட்டரும் இரண்டு நேந்திரம் பழமும் வெளியே விழுந்தன.

கமிட்டிக்காரர்களில் ஒருவர் ஓடிவந்து அவரைத் தூக்கிவிட்டார். அந்தக் கமிட்டிக்காரருக்கு எதுவும் புரியவில்லை. ஆம்பை நனையவிடாமல் காப்பாற்றினார் என்று பாராட்டிவிட்டே போனார்.

மழை விடவில்லை, பரிபாடி அதோடு முடிந்தது. ஜீப்புக்குள் ஏறிய பிறகுதான் பாடகர் பேசினார்.

"இதுக்குள்ள இருந்த ஸ்பீக்கரெல்லாம் எங்கீங்க?"

"ஊட்டுல இருக்குதுங்ணா."

"அப்ப இத்தன நேரம் வாசிச்சது?"

"அந்தக் குட்டிப் பொட்டிதானுங்க."

கீபோர்டுக்காரன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, தனக்கு முதலிலேயே சத்தம் கொஞ்சம் மெலிசாகப் பட்டதாகவும், சொல்லவேண்டாம் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னான். வெட்கம் வருவதற்கும் ஒரு திறமை வேண்டியிருக்கிறது.

பாடகர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வண்டிப்பெரியாறு வந்ததும், "நல்ல ஐடியாதான் தம்பி. சத்தத்துல ஒண்ணும் கொறையில்ல. அடுத்ததுக்கும் இப்படியே கொண்டாந்துருங்க. வெளிய மூச்சு விடாதீங்க" என்றார்.

வழக்கம்போல் தலை ஆடப்போனது. நிறுத்திக்கொண்டேன்.

"நானு கிதாரும் குட்டிப் பொட்டியும் மட்டுந்தான் கொண்டாருவனுங்ணா. பெரிய பொட்டி வேணும்னா நீங்களே தூக்கிக்குங்க. இல்லீன்னா பொள்ளாச்சிப் பையனக் கூப்புடுங்க."

பொள்ளாச்சிப் பையன் இரண்டு மடங்கு சம்பளம் கேட்பான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குமுளியில் டீக்கு இறங்கும்போதுதான், "காலிப் பெட்டிதான, நான் பாத்துக்கறேன்" என்றார்.

இப்போது ஒவ்வொரு பரிபாடிக்கும் அவரே கடையிலிருந்து அதை ஏற்றிவருகிறார். கறுப்பு பெயிண்ட் புதிதாக அடித்திருக்கிறார். யாராவது பக்கத்தில் வந்து பார்த்தால் வால்வு ஆம்ப், இதன் சூடே தனி என்று சொல்கிறார். தொடவிடுவதில்லை. நான் என் டிபன் கேரியர் கனப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, நேராக நிமிர்ந்து நின்று வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன்.