காலி அட்டை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் மட்டும், சளி மாதிரி கொண்டுபோகிற பெட்டிக்கு ஐஸ் கிடைக்காது. பன்றிக்காய்ச்சல் வந்த வருடம் அது. ஸ்டோரில் கேட்டால் "எழுதிப் போட்டிருக்கு" என்பார்கள். கல்மண்டபத்தில் ஒரு மீன்கார அம்மாவிடம் கெஞ்சி வாங்கிப் பெட்டியை நிரப்பினேன்.

"இன்னாக்கா, பொட்டில மீனா கீது? வண்டியே நாறுது" என்றார் ஜீப் டிரைவர். கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை இறக்கிவிட்டு நானே ஓட்டியிருப்பேன், ஓட்டத் தெரிந்திருந்தால்.

முகத்துவாரக்குப்பத்தில் ஒரு ஏழு மாதக் கர்ப்பிணி. ஐந்து நாளுக்கான மாத்திரை கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை. அந்த மாத்திரைக்கு அடங்காத வைரஸோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அப்படியானால் வேறு மருந்தை மேலிடத்தில் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்குப் பரிசோதனை முடிவு வேண்டும். மாதிரி எடுத்து, அவளையும் கையோடு அழைத்துவர என்னை அனுப்பியிருந்தார்கள்.

தொண்டையில் பஞ்சுக்குச்சியை விட்டதும் குமட்டினாள், பாவம். படிவத்தில் 'மாத்திரை முழுவதும் உட்கொண்டாரா?' என்று ஒரு கேள்வி. அலமாரியில் பத்துக் குழியும் காலியான மாத்திரை அட்டை கிடந்தது. டிக் போட்டேன்.

வார்டில் அவளுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். கேட்காத மாத்திரையை மறுபடி கொடுத்து என்ன பயன் என்று டாக்டர் முடிவுக்குக் காத்திருந்தார். பெரிய ஆய்வகத்துக்கு நான் தினமும் போன் செய்தேன். ஒருநாள் மெஷின் ரிப்பேர், ஒருநாள் ஆள் லீவு. எரிந்து விழுந்தேன். நான்காம் நாள் சொன்னார்கள்: மாத்திரைக்கு அடங்குகிற வைரஸ்தான், அதுவே போதும்.

பிறகு ஏன் காய்ச்சல் அதற்குக் கேட்கவில்லை? நேரே அவள் கட்டிலுக்குப் போய், பத்து மாத்திரையும் நீயே சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"நான் மட்டும் எப்டிக்கா துன்றது? அவருக்கும் ஒடம்பு சுட்டுகினு இருந்துச்சு, அத்தைக்கும் இருமலு. கொழுந்தனுக்கும் சேத்து ஆளுக்கு ரெண்டு குட்த்தேன். நான் நாலு துன்னேன்."

"ஏம்மா, இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கவே இல்லியேக்கா."

அன்றைக்கே மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது, வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்கு நாள் அவளை மூச்சுத் திணற வைத்தது வைரஸ் மட்டுமில்லை, என் டிக்கும்தான். டாக்டரிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் வீட்டுக்குப் போகிற அன்று அவளுடைய மாமியார் ஒரு பை நிறைய நண்டோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஓடியாந்து டெஸ்ட்டு எடுத்ததாலதான் எம் மருமவ பொழைச்சா."

நண்டை வாங்கிக்கொண்டேன்.