நாலரை ஆவதற்குள்

‘அப்பா, இன்று மூன்று மணிக்கு மேல் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறேன். முகவரி கீழே இருக்கிறது. காபி பிளாஸ்கில் இருக்கிறது.’

1973, ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை என்று மேலே நாள் குறித்து நான் எழுதிய சீட்டு இது. நாள் குறிக்காமல் எதையும் எழுதிப் பழக்கமில்லை எனக்கு. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் பஞ்சாங்கத்தின் மேல் அதை வைத்தேன். பறக்காமலிருக்க, அப்பா வாங்கித் தந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டுப் புறப்பட்டேன். அப்பா உள்ளே மதியத் தூக்கத்தில் இருந்தார். அம்மா இல்லாத வீடு. நாங்கள் இருவர் மட்டும்தான்.

முகவரியை ஏன் எழுதினாய் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஓடிப்போனாள் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன். அதோடு, எனக்கு அப்பாவைத் தெரியும். மூன்று மணிக்கு எழுவார். செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை வரை ராகு காலம். ராகு காலத்தில் அவர் வாசற்படி தாண்டி நான் பார்த்ததில்லை. பல்வலியில் துடித்தபோதுகூட நாலரை அடித்த பிறகுதான் டாக்டரிடம் போனவர். ஆகவே நாலரைக்குள் கையெழுத்து முடிந்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

நாளையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். எனக்குச் செவ்வாய் தோஷம் என்று பத்து வயதிலேயே சொல்லிவிட்டார்கள். வந்த வரன்கள் எல்லாம் ஜாதகத்தைப் பார்த்துத் திரும்பிப் போயின. இருபத்தெட்டு வயதில், செவ்வாய்தானே என்னைப் பிடித்திருக்கிறது, அந்தக் கிழமையிலேயே பண்ணிக்கொள்கிறேன் என்று தோன்றிவிட்டது. ஆடி மாதத்தில் யாரும் கல்யாணம் செய்யமாட்டார்கள். அலுவலகத்தில் கூட்டம் இருக்காது என்பது கூடுதல் லாபம்.

நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் லேத் வேலை. வீடு ஆற்றோரத்துக் குடிசைப் பகுதியில். மயிலாப்பூரில் ஒரு வாடகை நூலகத்தில்தான் பழக்கம். நான் எடுக்க நினைக்கும் புத்தகங்களையெல்லாம் எனக்கு முன்பே எடுத்துப் போய்க்கொண்டிருந்தவர் அவர். ஜாதகம் பொருந்துமா என்று கேட்டேன். பிறந்த நேரத்தை யாரும் குறித்துவைக்கவில்லை என்றார். பெரிய நிம்மதி.

தி.நகரில் ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது பதிவு அலுவலகம். எங்கள் திருமண நோட்டீஸ் அங்கே ஒரு மாதம் பலகையில் தொங்கியும் உறவினர் யாரும் பார்க்கவில்லை. நான் போனபோது அவரும், பட்டறை நண்பர்கள் இருவரும் வந்திருந்தார்கள். சாட்சிக்கு மூன்று பேர் வேண்டும். மூன்றாவது நண்பரைக் காணோம். கூட்டிவரப் போன ஒருவர் தனியாகத் திரும்பி வந்து சொன்னார்:

“அவங்கம்மா வாசல்ல குந்திகினு கீது. ராவு காலம் முடிஞ்சாத்தான் புள்ளய உடுவேன்னுது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவைத் தடுக்க நான் போட்ட வேலி எங்கள் சாட்சியையும் தடுத்துவிட்டது. அப்பாவைப் போலவே இன்னொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாலரை அடித்தால் அப்பா கிளம்பிவிடுவார். வருகிற வழியில் சித்தப்பாக்களையும் திரட்டிக்கொள்வார்.

சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு தாண்டியிருந்தது. வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. இறங்கியது அப்பா.

தனியாகத்தான் வந்தார். கையில் கடிகாரம்கூட இல்லை. ராகு காலத்தில் படி தாண்டி வந்திருந்தார். கத்துவார், இழுத்துப் போவார் என்று எதிர்பார்த்தேன். அப்பா வந்திருந்த நண்பர்களை எண்ணிப் பார்த்தார். நிலைமை புரிந்துவிட்டது.

“ஒரு சாட்சி குறையறதா?”

“ஆமாம்ப்பா.”

“நான் போடறேன். ஆனா நாலரை ஆகட்டும். ராகு காலத்துல வேண்டாம்டி. இருபது நிமிஷம் பொறுத்துக்கோ, அப்புறம் உன் இஷ்டப்படி பண்ணிண்டு போ.”

இப்போது எழுதும்போதும் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிகிறது. ஆனால் அன்று எனக்கு வேறொன்றுதான் காதில் விழுந்தது. பொறுத்துக்கோ. பத்து வயதிலிருந்து கேட்டுவந்த அதே சொல்.

“இத்தனை வருஷமா பொறுத்துண்டுதான் இருந்தேன். இனிமே முடியாதுப்பா.”

என்னவர் மெல்ல, “பெரியவரே எறங்கி வந்து சொல்றாரு. இருபது நிமிசந்தானே, இன்னா இப்போ?” என்றார்.

“நீங்க சும்மா இருங்கோ. இல்லேன்னா நீங்களும் அவரும் சேர்ந்து ஒரு நல்ல நாள் பாருங்கோ, நான் ஆத்துக்குப் போறேன்” என்றேன். நண்பர்கள் இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

வாசலுக்குப் போனேன். அங்கே ஒரு அம்மாள் கூடையில் கதம்பம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். சாட்சிக் கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டேன். ராகு காலம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

“ராவு காலமா? காலைலேர்ந்து இங்கதான் குந்திகினு கீறேன், எந்தக் காலம் வந்து எங்கிட்ட பூ வாங்கிச்சு? கையெழுத்துதானே, எனுக்குப் போடத் தெரியும். வா!”

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி எழுத்தெழுத்தாகப் பெயர் எழுதினாள். பிறகு நாங்கள் உறுதிமொழி சொன்னோம். பதிவு அலுவலர் கையெழுத்திட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது. ராகு காலத்துக்குள் முடித்துவிட்டேன்! ஜெயித்துவிட்ட மிதப்பில் திரும்பினேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபமில்லை, பயம் இருந்தது. எனக்காகப் பட்ட பயம்.

மூலை மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா ரப்பர் முத்திரையைத் துடைத்தபடியே, “சார், அந்தக் கடியாரத்த நம்பாதீங்க. கால் மணி ஸ்லோ. நாலரை எப்பவோ தாண்டியாச்சு” என்றார்.

“நிஜமாவா சொல்றேள்?”

“சர்க்கார் கடியாரம் சார். அது என்னிக்கி நேரத்துக்கு ஓடிச்சு?”

அப்பா மூச்சுவிட்டார். பூக்கார அம்மாளிடம் இரண்டு முழம் வாங்கி என் கையில் கொடுத்தார். என்னவரிடம், “பத்திரமா பாத்துக்கோங்கோ” என்றார். எனக்கோ குமாஸ்தா மேல் எரிச்சல். பாடுபட்டுப் பிடித்த என் ராகு காலத்தை ஒரே பேச்சில் பறித்துவிட்டாரே! வாதாட வாயைத் திறந்தேன். அப்பாவின் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அன்று நான் விட்டுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் சான்றிதழ் நகல் வாங்கப் போனபோது, அப்பா திருப்பித் தந்த கைக்கடிகாரத்தோடு அந்தச் சுவர்க் கடிகாரத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆனால் இடையில் யாராவது திருத்தி வைத்திருக்கலாம். குமாஸ்தா அன்று விடுப்பு. பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. சான்றிதழில் தேதி இருக்கிறது, நேரம் இல்லை.

நாலரைக்கு மேல்தான் மகளுக்குக் கல்யாணம் நடந்தது என்று அப்பா கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் நாட்குறிப்பில் ‘செவ்வாய், ராகு காலம்’ என்றே இருக்கிறது. நல்ல நேரத்துக்குக் காத்திராமல் வாழ்ந்த வாழ்க்கை இது என்பதால் அதை நான் திருத்தப்போவதில்லை. ஆனால் அன்று அந்தக் கடிகாரம் தாமதமாக ஓடியதா, இல்லை ஒரு தகப்பனுக்காக அந்த மனிதர் கால் மணி நேரத்தைக் கூட்டிச் சொன்னாரா என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.